லெஸே ஃபேர்: யார் யாரிடம் சொன்னது?

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மேலாளர் தன்னை 'லெஸே ஃபேர்' ஆள் என்று சொல்லிக்கொள்கிறார். அகராதியில் 'தலையிடாக் கொள்கை' என்று போட்டிருக்கிறது. பொருளாதாரச் சொல்லை மனிதர்களுக்குச் சொல்வது சரியா?

ம.

அன்புள்ள ம.,

தாராளமாகச் சொல்லலாம். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடும் பெற்றோரைக்கூட ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதுண்டு. 'தலையிடாக் கொள்கை'யும் நல்ல சொல்தான். ஆனால் யார் யாரிடம் சொன்னது என்பது அதில் விட்டுப்போகிறது.

பிரெஞ்சில் இது ஏவல் வினை: 'செய்ய விடுங்கள்'. பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர், துணியின் அகலம், இழைக் கணக்கு வரை ஆணை போட்டவர். வணிகர்களை அழைத்து 'உங்களுக்கு என்ன செய்யட்டும்?' என்று அவர் கேட்க, ஒருவர் 'எங்களைச் செய்ய விடுங்கள்' என்றாராம். செவிவழிக் கதைதான், ஆனாலும் அதிகாரத்தைப் பார்த்துக் குடிமகன் கேட்டது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. இத்தனைக்கும் இக்கொள்கைக்குத் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித் தன் 1776ஆம் ஆண்டு நூலில் இந்தத் தொடரைப் பயன்படுத்தவே இல்லை.

அப்புறம் ஆங்கிலத்தில் இது பெயர்ச்சொல்லாகி, ஆள்பவர்களின் கொள்கையாகிவிட்டது. அதன் விலையைக் கொடுத்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்ஹாம் அரசு செலவில் தானியம் வாங்கினார். சந்தையில் கைவைக்கக் கூடாது என்று வைஸ்ராய் லிட்டன் கண்டித்தார். லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் நிவாரணக் கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமந்தவனுக்குக் கிடைத்த தானியம் அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று விடாமல் வாதாடினார். இதே டெம்பிள்தான் 1874இல் பீகாரில் பர்மா அரிசியை இறக்கிப் பஞ்சச் சாவுகளைத் தடுத்தவர். அதற்காக, அதிகம் செலவழித்துவிட்டார் என்று வசை வாங்கியவரும் அவர்தான்.

தானியம் வாங்குவதைத் தடுப்பதும் கூலியைக் குறைப்பதும் தலையீடு இல்லாமல் வேறென்ன? அதனால் உங்கள் மேலாளரை 'கெடுபிடி இல்லாதவர்' என்று எழுதினால் போதும். பஞ்சத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் 'தலையிடாக் கொள்கை' என்று கடந்துவிடாதீர்கள். அரசு எதில் கைவைத்தது, எதில் கையைக் கட்டிக்கொண்டது என்று இரண்டையும் எழுதுங்கள்.