உட்கார்ந்தது யார்?

கேள்வி: காபிக் கடை நடத்தும் ஒரு பெண்மணி கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் ஆங்கில நாவல் ஒன்று படித்தேன். ரத்தம் இல்லை, வக்கிரம் இல்லை. ஒரு டம்ளர் காபியோடு ஒரே மூச்சில் முடித்தேன். “கொலைக் கதையைப் போய் இப்படிச் சுகமா உட்கார்ந்து படிக்கிறியே!” என்கிறார் என் மாமியார். இப்படி ரசிப்பது தப்பா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாலக்கோடு

பதில்: உங்கள் மாமியாருக்குக் கொலை ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் எழுதியதையே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். குற்றச்சாட்டு ‘உட்கார்ந்து’ என்ற இடத்தில் இருக்கிறது. அடுப்படியில் நின்றுகொண்டே படித்திருந்தால் நாலு பிணம் விழுந்தாலும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்.

அவரை மட்டும் சொல்வானேன்? தருமபுரி நாலு ரோட்டிலிருந்து கிருஷ்ணகிரி ரவுண்டானா வரை எத்தனை பேக்கரி, எத்தனை டீக்கடை! எதிலாவது ஆற அமர உட்கார முடிகிறதா? முழங்கை ஊன்ற ஒரு ஸ்டீல் மேடை, கீழே பேப்பர் கப் போட ஒரு டிரம், அவ்வளவுதான். பஸ் ஹாரன் அடிக்கிறது, நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்துவிட்டு ஓடுகிறோம். தப்பித் தவறி எங்காவது பழைய பெஞ்சு ஒன்று மிஞ்சியிருந்தால், அதற்கு நேர் மேலே ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று போர்டு தொங்கும். அரசியல் பேசக் கூடாது என்றால் அடுத்த வீட்டுச் சமாசாரமும் வராது. அது வராத இடத்தில் துப்பு எங்கிருந்து கிடைக்கும்? தமிழில் இந்த வகைக் கதை தழைக்காததற்கு அந்தப் போர்டுதான் காரணம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறேன். ஆராய்ச்சி மாணவர்கள் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஏனென்றால் நீங்கள் படித்த மாதிரி நாவல் ஓடுவதே பெஞ்சின் மேல்தான். கொலை எங்கேயோ மறைவில் நடந்துவிடும். செத்தவன் பெரும்பாலும் யாரும் அழாத ஆள். போலீஸ் வந்து தப்பான ஆசாமியைப் பிடிக்கும். அதற்கப்புறம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து, உட்கார்ந்து, கேட்காததையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். கடைக்காரம்மா கப்பைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பேச்சைத்தான் நீங்கள் ரசித்திருக்கிறீர்கள். கொலை அதற்கு ஒரு சாக்கு. இதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது?

நியூயார்க் காபிக் கடை ஒன்றை வைத்து 2003இலிருந்து ஒரு தொடரே வந்துகொண்டிருக்கிறது. அட்டையில் ஒரே ஒரு பெண் பெயர். எழுதுவது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து. இத்தனை நாவல்களை இரண்டு பேரும் ஒரே வீட்டில் எழுதி, அந்த வீட்டில் ஒரு கொலையும் விழவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத மர்மம்.

இதே மாதிரிக் கதையைப் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நடத்திப் பார்த்தேன், மனசுக்குள்தான். முதல் அத்தியாயத்திலேயே படுத்துவிட்டது. கொலைகாரன் முதலில் கல்லாவில் காசு கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். டோக்கனை நீட்டினால் மாஸ்டர், “ஸ்ட்ராங்கா, லைட்டா, சக்கரை போடலாமா?” என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். காபியோ எல்லார் கண் முன்னாலும் ஒரு முழ உயரத்தில் அந்தரத்தில் போய் வருகிறது. விஷத்தை எந்த இடத்தில் போடுவது? போட்டேவிட்டான் என்று வைத்துக்கொண்டாலும், முதல் வாய் குடித்தவன், “என்ன மாஸ்டர், தூளை மாத்திட்டீங்களா?” என்று டம்ளரைத் திருப்பி வைத்துவிடுவான். விடிகாலையில் பால் கேன் இறங்கும்போதே கடையில் நிற்கிற மாஸ்டருக்கு, யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, யார் பார்சல் கட்டிக்கொண்டு எந்தச் சந்துப் பக்கம் திரும்புகிறார் என்பதெல்லாம் அத்துப்படி. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் கொலைகாரன் பெயரோடு அவன் வைத்திருக்கிற கடன் பாக்கியையும் சேர்த்துச் சொல்வார். அப்புறம் நாவல் எங்கே எழுதுவது? போஸ்ட் கார்டே மிச்சமாகும்.

விஷம் என்றதும் சிக்கரி ஞாபகம் வருகிறது. (மாதா மாதம் இதே பாட்டா என்று சலித்துக்கொள்பவர்கள் ராசிபலன் பக்கத்துக்குப் போகலாம்.) சிக்கரி விஷமில்லை, தெரியும். வறுத்து அரைத்த ஒரு வேர். கலந்து விற்கும் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது சட்டம். அதாவது 49 வரைக்கும் வேர் இருக்கலாம். பாக்கெட்டில் அச்சடித்துவிடுகிறார்கள், சரி. ஹோட்டல் டம்ளரில் யார் அச்சடிப்பது? உங்களுக்கோ துப்பறியும் ஆசை வந்துவிட்டது. வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, அசையாமல் வைத்து, ஒரு ஸ்பூன் தூளை மேலாகத் தூவுங்கள். காபி மிதந்துகொண்டிருக்கும். சிக்கரி சில நொடிகளுக்குள் பழுப்புச் சாயம் கோடு கோடாக இழுக்க அடியில் இறங்கும். குற்றவாளி தானே வந்து ஒப்புக்கொள்கிற இடம் அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் காபி நமக்கு வேற்று ஆள் இல்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபிச் செடி வைத்தபோது நம் தருமபுரியும் சேலம் ஜில்லாதான். 1965இல்தான் தனிக்குடித்தனம் வந்தோம். நம் தருமபுரி வத்தல்மலையில் இன்றைக்கும் காபி காய்க்கிறது. கீழே இறங்கி வந்தால் கையில் கிடைப்பது வேர்க் கஷாயம்.

இந்தப் பக்கத்தில் முன்பு ஒரு முறை, தமிழ்வாணன் கதைகளில் துப்பறியும் சங்கர்லால் தேநீருக்குப் பதில் நல்ல காபியாகக் குடித்திருந்தால் பாதிக் கதையிலேயே ஆளைப் பிடித்திருப்பார் என்று எழுதினேன். கிருஷ்ணகிரி தேநீர்க் கட்சியினர் இன்னும் கண்டனம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அனுப்பட்டும். சொன்னது சொன்னதுதான்.

மாமியார் விஷயத்துக்கு ஒரு யோசனை. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930இல் முதல் நாவலுக்குள் வந்தவர். ஊர் வம்பையெல்லாம் நாற்காலியை விட்டு எழாமலே கேட்டுத் துப்பறிகிற கிழவி. ஆனால் கையில் எப்போதும் கம்பளி நூலும் ஊசியும் இருக்கும். கை வேலை செய்துகொண்டிருந்தால் உட்கார்ந்திருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மாமியாருக்கும் தெரியும். சாயங்காலம் சீரியலில் மருமகள் பாலில் விஷம் கலப்பதை அவர் கீரை ஆய்ந்தபடிதானே பார்க்கிறார்? நம் ஊரில் புளிக்கா பஞ்சம்? முறம் நிறையப் புளியை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு கை புளி கொட்டை எடுத்தால் போதும், சுகமாகப் படிக்கிறாய் என்ற பேச்சே வராது. நாவலில் கறை படியும், அதைப் பார்த்தால் முடியாது.

நாவலின் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கொலைகாரன் யார் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் கடைக்காரம்மா சிக்கரி கலக்கிறாளா என்பதை மட்டும் தெரியப்படுத்துங்கள்.