புளோக் அடியில் நாட்டுச் செடி நடலாமா?

கேள்வி: ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சிங்கப்பூருக்கே உரிய செடிகொடிகளைக் காக்கும் தொண்டூழியத்தில் இறங்க ஆசை. புளோக் அடியில் சும்மா கிடக்கும் புல்தரையில் நட்டுவிடலாமா? வேறெப்படித் தொடங்குவது?

பதில்: புல்தரையில் நீங்களாக நடவேண்டாம், அம்மா. அது நகர மன்றம் பராமரிக்கும் இடம். புல் வெட்ட வருபவர் உங்கள் கன்றையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போவார், அவர்மேல் தப்பில்லை. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தில் குடியிருப்பாளர்களே பார்த்துக்கொள்ளும் தோட்டங்கள் தீவெங்கும் உள்ளன. உங்கள் பக்கத்தில் எது என்று வசிப்போர் குழுவிடம் (இப்போது ‘ரெசிடென்ட்ஸ் நெட்வொர்க்’) கேளுங்கள். போன அன்றே நாட்டுச் செடிப் பேச்சை எடுக்காதீர்கள். சில வாரம் தண்ணீர் ஊற்றுங்கள், மற்றவர்களின் பாத்தியிலும் களை எடுத்துக் கொடுங்கள். அப்புறம் வேலியோரமாகக் கொஞ்சம் இடம் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

எது இங்கத்திய செடி என்பதில் நம்மவர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. வேம்பும் துளசியும் கறிவேப்பிலையும் இந்த மண்ணுக்குரியவை அல்ல, கொண்டுவந்து வைத்தவை. ஆனால் புன்னை, பூவரசு, அடும்பு, சிதம்பரத்துத் தில்லை எல்லாம் இந்தத் தீவின் கரையிலும் சதுப்பிலும் இயல்பாக வளர்பவை. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்துப் புன்னையை கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நிழலுக்கு நின்றே பார்க்கலாம். அதற்காகத் தோட்டத்துக் கறிவேப்பிலையைப் பிடுங்கிவிடாதீர்கள். அதன் இலையில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கும். அது தின்னட்டும், மருந்தடிக்க வேண்டாம்.

நடுவதைவிட அவசரமான வேலை களையெடுப்பு என்பது என் கருத்து. வெளியிலிருந்து வந்த செடிகள் காட்டோரங்களில் நாட்டுச் செடிகளை மூடி அமுக்குகின்றன. தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் தொண்டூழியராகப் பதிந்துகொண்டால், 2020ல் தொடங்கிய ‘ஒரு மில்லியன் மரங்கள்’ இயக்கத்தின் நடவுகளோடு, இத்தகைய வேலைகளுக்கும் போகலாம். தனியாகப் போய்ப் பிடுங்காதீர்கள். அனுமதி ஒரு காரணம். ஆள் மாறிப் பிடுங்கிவிடுவோம் என்பது அதைவிடப் பெரிய காரணம். சென்டுடுக் நம் செடி: சொரசொரப்பான ஒடுங்கிய இலை, பெரிய ஊதாப் பூ, வெடித்துத் திறக்கும் காய், தின்றால் நாக்கெல்லாம் கறுப்பு. அதே குடும்பத்தைச் சேர்ந்த கிளிடெமியா அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது: அகன்ற இலை, தண்டெல்லாம் மயிர், சிறிய வெள்ளைப் பூ, வெடிக்காத கருநீலப் பழம். பூவோ காயோ இல்லாத கன்றுப் பருவத்தில் புதியவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித்தர வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஸான்ஸிபார் வள்ளிக்கொடி இன்னும் தொல்லை. கொடியை இழுத்தால் போதாது. இலைக்கக்கத்தில் காய்க்கும் சிறு கிழங்குகள் உதிர்ந்து கிடக்கும், ஒவ்வொன்றும் புதுக்கொடியாகும். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போடவேண்டும். நீண்ட கைச்சட்டை, கையுறை, மூடிய காலணி, கொசு மருந்து இல்லாமல் போகாதீர்கள்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியதும் உண்டு. அளவுக்குமீறி வளர்ந்த மணி பிளாண்டை வெட்டிப் பூங்கா ஓரத்தில் வீசாதீர்கள், மற்றவர்களிடமும் சொல்லுங்கள். அப்படித் தப்பிப்போன கொடி காட்டுமரங்களில் ஏறிப் படர்ந்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம்.

வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையில் தொட்டியில் வைக்கப் பறவைக்கூட்டுப் பெரணி நல்லது. அதைவிட நான் பரிந்துரைப்பது புறா ஆர்க்கிட். பலத்த மழையில் திடீரென வெயில் தணிந்தால், சுமார் ஒன்பது நாள் கழித்து வட்டாரத்தில் உள்ள செடிகள் எல்லாம் ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும், மறுநாள் வாடிவிடும். மழை பெய்த தேதியைக் குறித்துவைத்து, பூக்கும் காலையில் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். துண்டுப்பிரசுரம் நூறு கொடுத்தாலும் இந்த ஆர்வம் வராது. தொட்டிகளை வைத்தபிறகும் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி இருக்கவேண்டும். தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது, டெங்கிக் கொசு வரும்.

காட்டிலிருந்தோ பூங்காவிலிருந்தோ கன்று, விதை எதையும் எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம். நாற்றங்காலில் வாங்கும்போது அறிவியல் பெயரை எழுதிக்காட்டிக் கேளுங்கள். புறா ஆர்க்கிட்டுக்கு டென்ட்ரோபியம் குருமெனாட்டம். வெறும் ‘வெள்ளை ஆர்க்கிட்’ என்று கேட்டால் கலப்பினம்தான் கைக்கு வரும்.