பெயிண்ட் அடிக்கக் கென்யா வரை போக வேண்டுமா?

கேள்வி: எங்கள் சபையிலிருந்து 12 பேர் கென்யாவில் ஒரு ஏழைச் சபைக்கும் அதன் பள்ளிக்கும் 10 நாள் ஊழியமாகப் போகிறோம். வகுப்பறைகளுக்குப் பெயிண்ட் அடிப்போம், பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துவோம். ஆளுக்கு ஒன்றரை லட்சம் ஆகும். "உள்ளூரில் ஏழைகளே இல்லையா?" என்று சபையில் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
- வாசகர் ஒருவர், பாறசாலை

பதில்: அவர்களுக்குப் பதில் சொல்வது எளிது, தம்பி. 1806-ல் கன்னியாகுமரிப் பக்கம் மயிலாடிக்கு ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்தாரே, அவரை அனுப்பிய லண்டன் மிஷன்காரர்களிடமும் இதையே கேட்டிருக்கலாம், லண்டனில் ஏழைகளுக்கா பஞ்சம்? அவர்கள் அனுப்பியதால்தான் களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம் பாட்டிமார் எழுத்துக்கூட்டி வேதம் வாசித்தார்கள். வாங்கிய கடன் நமக்கு இருக்கிறது. போக வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் பெயிண்ட் அடிக்கப் போகாதீர்கள்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்கும் வெளிநாட்டிலிருந்து இப்படி ஒரு குழு வந்தது. நல்ல மனிதர்கள், அவர்கள் கொடுத்த வண்ணப் பென்சில்களை ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். ஐந்து நாள் நின்று சுவருக்கு நீலம் அடித்தார்கள். எங்கள் தலைமையாசிரியர் கேட்டது கூரைக்கு ஓடு. அந்த இடவப்பாதி மழையில் உடைந்த ஓடு வழியாக ஒழுகி, பள்ளி திறந்து இரண்டு வாரத்துக்குள் நீலம் பொருக்குப் பொருக்காக எங்கள் சிலேட்டில் உதிர்ந்தது. அதைவிட மனசில் நிற்பது இன்னொன்று. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் அப்பா ஊரில் சுண்ணாம்பு அடிக்கிறவர், வேலையில்லாமல் அந்த ஐந்து நாளும் பள்ளி வாசலில் நின்று அவர்கள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கென்யாவிலும் பெயிண்டர் இருப்பார், கொத்தனார் இருப்பார். அங்கே ஹராம்பே என்று ஒரு வழக்கம் உண்டு, ஊர் கூடிப் பணம் திரட்டிப் பள்ளியும் கோயிலும் கட்டுவது. அந்தச் சொல்லை அவர்கள் நாட்டுச் சின்னத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் அறுப்பின் பண்டிகையில் ஒரு வாழைக்குலையை ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் எடுக்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். தாங்களே கட்டத் தெரிந்த ஜனங்களிடம் போகிறோம் என்ற நினைப்போடு போங்கள்.

உங்கள் கணக்குப்படி மொத்தம் 18 லட்சம், அதில் பெரும் பங்கு விமானத்துக்கே போய்விடும். 12 பேருக்குப் பதில் மூன்று பேர் போங்கள். அதில் ஒருவராவது பாடம் சொல்லிக்கொடுக்கவோ கணக்கு எழுதவோ நர்ஸ் வேலை பார்க்கவோ தெரிந்தவராக இருக்கட்டும், முடிந்தால் அவர் ஒரு வருஷம் தங்கட்டும், அங்கே பேசும் சுவாகிலி மொழியைக் கொஞ்சம் படிக்கட்டும். (சம்பளம் வாங்காத ஊழியமானாலும் பல நாடுகளில் சுற்றுலா விசாவில் செய்யக் கூடாது, டிக்கெட் எடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.) மிச்சப் பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்கென்று வருஷா வருஷம் பிரித்து அனுப்புங்கள். ஒரே தடவையில் கொட்டிவிட்டு வந்தால் அடுத்த ஆண்டு அந்த ஆசிரியர் வேறு வேலை தேடிப் போவார்.

1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மா பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார், லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்தார், அவர் போன பிறகும் அந்தத் தொழில் இங்கே நின்றது. நம்மவர்களும் சும்மா இருந்ததில்லை. 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, சொந்தக் காணிக்கையில் தோர்ணக்கல் பக்கம் தெலுங்கு ஜனங்களிடம் ஆட்களை அனுப்பினார்கள். அதை முன்னின்று நடத்திய அசரியா 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளின் முகத்துக்கு நேரே, நீங்கள் எங்களுக்கு எவ்வளவோ கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அன்று நம் பக்கம் நின்று ஒருவர் கேட்டதை இன்று கென்யாவில் ஒரு சபை நம்மிடம் கேட்டால் பெயிண்ட் டப்பாவையா நீட்டுவோம்?

ஒன்று செய்யுங்கள். டிக்கெட் எடுக்கும் முன் அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கு நீங்களே போன் போட்டு, "இந்தப் பணம் உங்கள் கையில் இருந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இடையில் யாரையும் வைக்காதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.