அணுகுண்டு விழுந்தால் சேலத்துக்காரர்கள் ஏற்காட்டுக்கு ஏறிவிட்டால் தப்பலாமா?

கேள்வி: அமெரிக்கா, ரஷ்யா, சீனா மோதல் செய்திகளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. அணு ஆயுதப் போர் வந்தால் சேலத்தில் இருப்பவர்கள் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போய்விடலாமா? அயோடின் மாத்திரை வாங்கி வைக்க வேண்டுமா?

பதில்:

ஏறாதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள், முதல் இரண்டு நாள் கண்டிப்பாக.

பயப்படக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். உலகில் உள்ள சுமார் 12,000 அணுகுண்டுகளில் பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்கா, ரஷ்யா கையில். இரண்டுக்கும் உச்சவரம்பு வைத்த கடைசி ஒப்பந்தத்தின் கெடுவும் 2026 பிப்ரவரி 5-இல் முடிந்துபோனது. யாரோ வேண்டுமென்றே தொடங்குவதைவிடத் தவறுதலாகத் தொடங்கிவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. 2022 மார்ச் 9 அன்று நம் நாட்டு ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானின் மியான் சன்னு பக்கம் போய் விழுந்தது. யாரும் சாகவில்லை என்பது நல்ல நேரம்.

குண்டு நேராக சேலத்தின் தலையிலேயே விழுந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. பெங்களூருவில் விழுந்தால்? வான்வழியில் ஏறக்குறைய 160 கி.மீ. குண்டு 8 மடங்கு பெரிதானாலும் வெடிப்பு நாசம் செய்யும் தூரம் 2 மடங்குதான் கூடும். ஹிரோஷிமாவில் 15 கிலோ டன் (15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம்) குண்டு தரைமட்டமாக்கியது சுமார் 2 கி.மீ. சுற்றுவட்டம். ஆகவே அங்கிருந்து வெடிப்பின் அடி இங்கே வராது. வரக்கூடியது கதிரியக்கத் தூசு. குண்டு தரையை ஒட்டி வெடித்தால் மண் ஆவியாகி மேலே போய், கதிரியக்கப் பொருளோடு கலந்து பொடி மணல் போல இறங்கும். ஹிரோஷிமா குண்டு 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததால் அங்கே இது குறைவு.

தூசு எந்தப் பக்கம் போகும் என்பதை மொட்டை மாடியில் துணி பறக்கிற திசையை வைத்துச் சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவத்தில் கீழே மேற்குக் காற்று அடிக்கும். அதே நேரம் 14, 15 கி.மீ. உயரத்தில் கிழக்குக் காற்று பலமாக வீசும். நம் பக்கமே வந்தாலும், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் பிடித்து, ஜன்னல் அடைக்க அது போதும்.

மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: நேரம் 7 மடங்கானால் கதிர்வீச்சு பத்தில் ஒரு பங்காகும். வெடித்து 1 மணி நேரத்தில் 1000 என்றால், 7 மணி நேரத்தில் 100, 49 மணி நேரத்தில் 10, இரண்டு வாரத்தில் 1. இப்போது மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். ஊரே கிளம்பினால் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நகராது. தூசு மிக வீரியமாக இருக்கும் அந்த மணி நேரங்களில் காருக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். தூசிலிருந்து கிளம்பி எதையும் ஊடுருவும் காமா கதிருக்குக் காரின் தகரம் பெரிய தடையே இல்லை.

மலை உயரம், அதனால் பாதுகாப்பு என்பதும் தப்புக் கணக்கு. மழை தூசை இழுத்துக் கீழே கொட்டும். சேலத்தைவிட ஏற்காட்டில் மழை அதிகம். 1986-இல் உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்தபோது ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி பிரிட்டனின் மழைபெய்த மலைகளில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் இறங்கியது. அங்கே மேய்ந்த ஆடுகளை விற்கப் போட்ட கட்டுப்பாடு முழுதாக விலக 2012 ஆனது.

வீட்டுக்குள் எங்கே இருப்பது? கான்கிரீட் 6 செ.மீ., இறுகிய மண் 9 செ.மீ., தண்ணீர் 18 செ.மீ. இருந்தால் கதிர் பாதியாகும். 5 அங்குல ஆர்சிசி தளம் ஒன்று கால் பங்காக்கும்; தலைக்கு மேல் இரண்டு தளம் இருந்தால் பதினாறில் ஒன்று. அதனால் மாடி வீட்டின் கீழ்த்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத நடு அறைதான் நல்ல இடம். அபார்ட்மென்டில் மேல்மாடி மோசம், தூசு மொட்டை மாடியில்தான் தங்கும். கொண்டலாம்பட்டி, அம்மாபேட்டைப் பக்கத் தறிக்கூடம் போல ஷீட் போட்ட கூரை என்றால் பக்கத்து மாடி வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். ஜன்னலுக்கு முன்னால் செங்கல் அடுக்கலாம், தண்ணீர் நிரப்பிய டிரம்மை நிறுத்தலாம்.

தண்ணீர்: நான்கு பேருக்கு ஆளுக்கு 4 லிட்டர் வீதம் 14 நாளுக்கு 224 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு நீல டிரம். மூடியிருந்தால் போதும், கதிர் ஊடுருவுவதால் தண்ணீர் கெடாது. தூசு விழுந்தால்தான் கெடும். அப்படிக் கெட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்தும் பயனில்லை. போர்வெல் தண்ணீர் நல்லதுதான், ஆனால் கரண்ட் இருக்காது.

வெளியே போய் வந்தவர் வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டினால் ஒட்டிய தூசில் பெரும்பகுதி போய்விடும். பிறகு சோப்புப் போட்டுக் குளியல். கண்டிஷனர் மட்டும் வேண்டாம், அது தூசை முடியோடு பிடித்து வைக்கும்.

அயோடின் மாத்திரை தைராய்டை மட்டும், அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். வெளியிலிருந்து வரும் காமா கதிருக்கு அது மருந்தே அல்ல. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை; அரசு சொன்னால்தான் போட வேண்டும். காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயோடினைக் குடிப்பது விஷம். அயோடின் உப்பே போதுமே என்பவர்களுக்கு: அந்த மாத்திரையில் 100 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது, ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம். கிட்டத்தட்ட 7 கிலோ உப்பு தின்ன வேண்டும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் மாத்திரையைவிடப் பால்பவுடர் டப்பா முக்கியம். புல்லில் விழும் கதிரியக்க அயோடின் மாட்டுப் பால் வழியாகத்தான் குழந்தையின் தைராய்டுக்குப் போகிறது. அது 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவரை மேய்ச்சல் மாட்டுப் பாலை நிறுத்திவிடுங்கள்.