அரிக்கா பாம் நுனி கருகுகிறதா? மருந்து தேடாதீர்கள்

கேள்வி: வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரமாக அரிக்கா பாம் வைத்து 8 மாதம் ஆகிறது. இலை நுனிகள் பழுப்பாகிக் காய்கின்றன. அடி ஓலைகள் மஞ்சளாகின்றன. மட்டைக் காம்பில் கறுப்புப் புள்ளிகள் வேறு. தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். பிளாஸ்டிக் தொட்டியை அழகுக்காக ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். செடி விற்றவர் பூஞ்சண மருந்து அடித்து, வாராவாரம் 19:19:19 உரம் ஒரு ஸ்பூனும் எப்சம் உப்பும் போடச் சொல்கிறார். எந்த மருந்து நல்லது ஐயா? மஞ்சள் ஓலைகளை வெட்டிவிடலாமா?

பதில்: எந்த மருந்தும் வேண்டாம். காம்பில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் அரிக்கா பாமுக்கு இயல்பானவை. காம்பு பொன்மஞ்சளாக இருப்பதும் அப்படித்தான். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். புள்ளி பெயர்ந்து வந்தால் அது செதில் பூச்சி. வராவிட்டால் விட்டுவிடுங்கள். இதைக் காட்டிப் பூஞ்சண மருந்து விற்பவருக்குச் செடி தெரியவில்லை, அல்லது தெரிந்தே விற்கிறார்.

நீங்கள் மருந்தைக் கேட்கிறீர்கள். ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தினமும் ஒரு டம்ளர் என்ற பழக்கம்தான் உங்கள் செடியின் நோய். ஒரு டம்ளர் நீர் மண்ணின் உப்பைக் கழுவிக்கொண்டு அடித்துளை வழியே வெளியேறப் போதாது. நீரை வேரும் காற்றும் எடுத்துக்கொள்ள, அதில் கரைந்திருந்த உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் போல. வேர் அந்த உப்பையும் சேர்த்து உறிஞ்சுகிறது. நீர் இலை வழியே ஆவியாகும்போது உப்பு கடைசியாகச் சேரும் இடம் நுனி. அதனால் நுனி கருகுகிறது. இந்த மண்ணில் வாரம் ஒரு ஸ்பூன் உரம் போடுவது உப்பின் மேல் உப்பைக் கொட்டுவதுதான். பீங்கான் தொட்டியின் அடியில் நீர் தேங்கியிருந்தால் கீழ்வேர் அழுகவும் தொடங்கியிருக்கும். மேல்மண் உலர்ந்தும் அடிமண் சேறாகவும் இருக்கும் தொட்டியில், மேலே தொட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு டம்ளர் ஊற்றுவார்கள். வீட்டுக்குள் வைக்கும் பாம் செடிகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன.

செய்ய வேண்டியது இது. உள்தொட்டியை வெளியே எடுங்கள். மேல்மண்ணில் வெள்ளைப் படிவம் இருந்தால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எறியுங்கள். பிறகு தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நீரை, 10 லிட்டர் தொட்டி என்றால் 20 லிட்டரை, கொஞ்சம் கொஞ்சமாக, ஊறி இறங்கவிட்டு ஊற்றுங்கள். அடித்துளை வழியே முழுவதும் வடிந்த பிறகே பீங்கானுக்குள் வையுங்கள். அடியில் நீர் தேங்கினால் உடனே கொட்டுங்கள். அதற்குப் பிறகு விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, அங்கே உலர்ந்திருந்தால் மட்டும், அடியில் வடியும் அளவுக்கு நீர் ஊற்றுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. நீர் விட்டதும் உள்ள கனமும் உலர்ந்தபின் உள்ள கனமும் சில வாரத்தில் கைக்குப் பழகிவிடும். கிழமை பார்த்து நீர் ஊற்றாதீர்கள். இப்படி மண்ணைக் கழுவுவதை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய் நீரை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் ஓரளவு போகும்; உப்பும், நுனியைக் கருக்கும் ஃபுளோரைடும் போகாது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது மகா தவறு, நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மழைநீர் சிறந்தது. ஏசியிலிருந்து சொட்டும் நீரிலும் உப்பு மிகக் குறைவு. சூப்பர் பாஸ்பேட் உரத்தில் ஃபுளோரைடு இருப்பதால் பாம் தொட்டிக்கு அது ஆகாது.

மஞ்சள் ஓலையை வெட்டாதீர்கள். பொட்டாசியம் போதாதபோது செடி அதை அடி ஓலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. மஞ்சளிலேயே வெட்டினால் அதற்கு மேலுள்ள ஓலை மஞ்சளாகும். முழுக்கப் பழுப்பான பிறகு வெட்டுங்கள். கருகிய நுனி கண்ணை உறுத்தினால் கத்தரிக்கலாம், பச்சையைத் தொடாமல் பழுப்பில் ஒரு நூலளவு விட்டு. எப்சம் உப்பு மெக்னீசியக் குறைவுக்கு உரியது. அதன் அடையாளம் அடி ஓலையின் ஓரங்களில் அகலமான மஞ்சள் பட்டை, நடுவில் நல்ல பச்சை. அது இல்லாமல் போட்டால் மெக்னீசியம் மிகுந்து பொட்டாசியம் இன்னும் ஏறாமல் போகும். புதுக் குருத்து நன்றாக விரியும் வரை எல்லா உரத்தையும் நிறுத்துங்கள். பிறகு மெல்லக் கரையும் குருணை உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் பாதி போடுங்கள். இலைக்குப் பளபளப்பு தரும் எண்ணெய்கள் வேண்டவே வேண்டாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

துடைக்கும்போது ஓலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து ஓலையைத் தட்டினால் நகரும் தூசி விழுகிறதா? அது சிலந்திப் பேன், உலர்ந்த காற்றில் பெருகுவது. ஓலைகளை நீரால் நன்றாகக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது திரவ சோப்பில் கரைத்து மாலையில் தெளியுங்கள். முட்டை சாகாது, ஆகவே வாரம் ஒருமுறையாக மூன்று முறை.

மண்ணைக் கழுவிய பிறகும் அதில் துர்நாற்றம் இருந்தால் மட்டும் செடியை வெளியே எடுங்கள். கறுத்துக் குழைந்த வேர்களை நீக்கிவிட்டு, அலசிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, பெர்லைட் எனும் இலேசான வெள்ளைக் கல்துகள் ஒரு பங்கு கலந்து, பழைய ஆழத்திலேயே நடுங்கள். அலசாத நார்க் கழிவிலேயே உப்பு இருக்கும். அடியில் ஜல்லி போடாதீர்கள். அதனால் வடிகால் அதிகமாகாது, நீர் தேங்கும் மட்டம்தான் மேலே ஏறும். குருத்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டால் அந்தத் தண்டு முடிந்தது, அதற்கு வேறு முளை கிடையாது. அதை மட்டும் அடியோடு வெட்டுங்கள், மற்றத் தண்டுகள் பிழைக்கும்.

கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. இனி வரும் ஓலையைப் பாருங்கள். அதன் நுனியும் கருகினால், நீங்கள் ஊற்றும் நீரின் உப்பளவை அளந்து எழுதுங்கள்.