நரம்பு தெரிஞ்ச பல்லுக்கு எந்த மருந்து?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 19 வயசு. கடவாப்பல்லு சொத்தைய சுத்தம் பண்றப்ப நரம்பு லேசா தெரிஞ்சிடுச்சாம். ரூட் கேனல் வேணாம், மேல மருந்து வெச்சு மூடிப் பாக்கலாம்னு சொல்லி கால்சியம் மருந்து, எம்டிஏ, பயோடென்டின்னு மூணுக்கு மூணு ரேட்டு சொன்னாங்க. இப்ப தற்காலிகமா அடைச்சிருக்கு. காசு ஜாஸ்தின்னா நல்ல மருந்தா?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அம்மா, யோசிச்சுக்கிட்டே நாள தள்ளாதீங்க, தற்காலிக அடைப்பு கசிஞ்சா எச்சியோட கிருமி நேரா நரம்புக்குப் போயிடும், நாளைக்கே கூட்டிட்டுப் போங்க.

கால்சியம் ஹைட்ராக்சைடு ரொம்ப பழைய மருந்து, விலையும் கம்மி. காரம் அதிகம், பிஹெச் 12க்கு மேல, அதனால கிருமி சாவும், நரம்பும் தனக்கு மேல புதுசா டென்டின் (எனாமலுக்கு அடியில இருக்குற பல்லோட கெட்டியான பாகம்) சுவர் கட்டிக்கும். ஆனா அந்த சுவருல பொடிப்பொடியா ஓட்டை இருக்கும், மருந்தும் போகப்போக கரைஞ்சி அடியில காலியிடம் விழுந்துடும்.

எம்டிஏ 1990கள்ல அமெரிக்காவுல லோமா லிண்டா யுனிவர்சிட்டியில டாக்டர் தொராபினெஜாத் கொண்டாந்தது. வீடு கட்டுற போர்ட்லேண்ட் சிமெண்ட் ஜாதிதான், பல்லுக்குன்னு சுத்தமா தயாரிச்சு, எக்ஸ்ரேல தெரியறதுக்கு பிஸ்மத் ஆக்சைடு கலந்தது. ஈரத்துலயே இறுகும், நரம்பு பக்கத்துல எப்பவும் ஈரம் இருக்கும்ல, அங்க இதுதான் பெரிய பலம். சுவரும் கெட்டியா வரும். ஆனா இறுக ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆவும், பல்லும் சாம்பல் கலராகலாம், அதனால முன்பல்லுக்கு நான் வெக்க மாட்டேன். பயோடென்டின் அதே வகைதான், பிஸ்மத்துக்கு பதிலா ஜிர்கோனியம் ஆக்சைடு, கலர் அவ்வளவா மாறாது, சுமார் 12 நிமிஷத்துல இறுகிடும்.

இந்த ரெண்டுக்கும் ரிசல்ட்டுல பெரிய வித்தியாசம் இல்ல, கால்சியம் மருந்த விட ரெண்டுமே வருஷக்கணக்குல நல்லா நிக்குது. முடிஞ்சா ரெண்டுல எது கம்மியோ அத வைங்க. கட்டுப்படியாகலன்னா கோட்டை ஸ்டேஷன் எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, உங்களுக்கு பக்கம்தான், அங்க காட்டுங்க.

ஆனா மருந்த விட முக்கியம் நரம்பு எப்படி இருக்குன்றது. ராத்திரி தானா வலிச்சு எழுப்புதா, சூடா டீ குடிச்சா வலி ரொம்ப நேரம் நிக்குதா? அப்படின்னா சும்மா மேல மூடி பிரயோஜனம் இல்ல. வலி இல்லாம இருந்து, திறந்த இடத்துல ரத்தம் சில நிமிஷத்துல நின்னாதான் மூடலாம். ரப்பர் ஷீட் மாட்டி எச்சி படாம செய்வீங்களான்னு தயங்காம கேளுங்க. மருந்து இறுகினதும் நிரந்தர அடைப்பையும் தள்ளிப் போடாம போட்டுடுங்க.

ஆறு மாசத்துலயும் ஒரு வருஷத்துலயும் எக்ஸ்ரேவும், நரம்பு உயிரோட இருக்கான்னு பாக்குற கூச்ச டெஸ்ட்டும் எடுக்கணும், வலி இல்லன்னு விட்டுடாதீங்க, சில பல்லுல நரம்பு வலியே தெரியாம செத்துப்போவும்.