பாமினி முகவரி கொடுத்ததும் சேர்வர் விழுகிறதா?

கேள்வி: எங்கள் சனசமூக நிலைய நூலகத்தின் பழைய அங்கத்தவர் பதிவு பாமினியில் (யூனிகோட்டுக்கு முந்திய தமிழ் எழுத்துரு) இருக்கிறது. அதை யூனிகோட்டுக்கு மாற்றும் பங்ஷனை சி மொழியில் எழுதி, உபுண்டுவில் ஓடும் மைஎஸ்கியூஎல் தரவுத்தள சேர்வரில் ஏற்றினேன். முதலில் 1126 பிழை வந்தது. பிறகு ஒருவாறு ஏறியது. பெயர்கள் சரியாக மாறுகின்றன. முகவரிகளைக் கொடுத்தால் சேர்வரே விழுந்துவிடுகிறது. ஏன்? (வாசகர், சுன்னாகம்)

பதில்: 1126 பெரிய விஷயமல்ல. கொம்பைல் செய்த பைல் பிளகின் போல்டரில் இல்லை, அல்லது அதை வாசிக்கும் அனுமதி சேர்வருக்கு இல்லை என்பதுதான் வழக்கமான காரணம். போல்டர் எதுவென்று ‘பிளகின்_டிர்’ மாறியைக் கேட்டால் சொல்லும். பங்ஷனை ஏற்றும் ‘கிரியேட் பங்ஷன்’ கட்டளையில் ‘சோநேம்’ என்ற இடத்தில் பைலின் பெயர் மட்டும் வரவேண்டும். பாதையையும் எழுதினால் 1124 பிழை வரும். சி++ இல் எழுதி, பங்ஷனின் பெயரை மாறாமல் வைக்கும் ‘எக்ஸ்டேர்ன் சி’யை மறந்தால் 1127.

சேர்வர் விழுவதற்குக் காரணம் வேறு. விடையை எழுத உங்கள் பங்ஷனுக்குத் தரப்படும் இடம் 255 பைட். பாமினியில் ஒரு குறிக்கு ஒரு பைட். யூனிகோட்டின் யூடிஎப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘யாழ்ப்பாணம்’ மட்டுமே 33 பைட். பாமினியில் ஒரே விசையில் வரும் ‘கு’ 6 பைட்டாகும், ‘ஸ்ரீ’ 12. ஆகவே பெயர் அடங்கும், வீட்டு இலக்கம், ஒழுங்கை, ஊர் எல்லாம் சேர்ந்த முகவரி வழிந்துவிடும். பங்ஷன் ஓடுவது சேர்வரின் நினைவகத்துக்குள்ளேயே என்பதால் வழிந்தது அதையும் சேர்த்துக் கெடுக்கிறது.

விடைக்கான இடத்தை, தொடக்கத்தில் ஓடும் ‘இனிட்’ பங்ஷனில் ‘மலொக்’ செய்யுங்கள் (நினைவகத்தில் ஒதுக்குங்கள்). அந்தக் கட்டத்தில் ‘லெங்த்ஸ்’ (உள்ளே வரும் சரங்களின் நீளங்கள்) தருவது அட்டவணையின் அந்த நிரலின் (கொலம்) உச்ச நீளம். அதன் 12 மடங்கு போதும். ஒதுக்கிய இடத்தின் நினைவகச் சுட்டியை ‘இனிட்ஐடி’யின் ‘பிடிஆர்’இல் வைத்து, முடிவில் ஓடும் ‘டிஇனிட்’இல் அந்த இடத்தை விடுவியுங்கள். சோம்பலில் ‘ஸ்டற்றிக்’ அரே (எல்லா இணைப்புகளுக்கும் பொதுவான ஒரே இடம்) ஒன்றை வைத்துவிடாதீர்கள்: இரண்டு இணைப்புகள் ஒரே நேரத்தில் ஓடினால் ஒருவரின் முகவரிக்குள் மற்றவரின் ஒழுங்கை வந்துவிடும். உள்ளே வரும் சரத்தின் முடிவில் பூச்சியம் இருக்குமென்று நம்பி, நீளத்தை அளக்க ‘எஸ்டிஆர்லென்’ போடுவதும் தவறு. நீளத்தை ‘லெங்த்ஸ்’இலிருந்தே எடுங்கள். முகவரி பதியப்படாமல் ‘நல்’ (NULL) ஆக இருந்தால் வருவது நல் சுட்டி, அதையும் முதலில் பாருங்கள்.

(ஒரே தடவை மாற்றுவதென்றால் இவ்வளவும் தேவையில்லை, வெளியே ஒரு பைதன் ஸ்கிரிப்ட் போதும். பாமினிப் பதிவுகள் இன்னும் வந்துகொண்டிருந்தால் மட்டும் இந்த வழி.)

திருத்திய பைலைப் பழையதன் மேல் அப்படியே கொப்பி செய்ய வேண்டாம், அதுவும் சேர்வரை விழுத்தும். முதலில் ‘ட்ரொப் பங்ஷன்’, பிறகு பைலை மாற்றி, மீண்டும் ‘கிரியேட் பங்ஷன்’.